மேலத்தெருவில் விழாமல் நின்ற செருப்பு

செருப்பு போய்ப் படவும் இல்லை, கீழே விழவும் இல்லை. எம்.எல்.ஏ. மணிமுடியின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால், அவர் பிடித்திருந்த மைக்குக்கு நேர் மேலே, நீல வார் போட்ட ரப்பர் செருப்பு காற்றில் அப்படியே நின்றது. நின்ற செருப்பைப் பார்த்து அவர் வாயைத் திறந்தபடி நின்றார், அவரைப் பார்த்து மேலத்தெரு நின்றது, மேலத்தெருவைப் பார்த்துக் காலனிக்காரர்கள் நாங்கள் எழுபது பேரும் நின்றோம், டிரம் செட்டுக்காரன் மட்டும் நடந்தது தெரியாமல் இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டு நிறுத்தினான்.

"எவன்டா அது?" என்று ஊராட்சித் தலைவர் ரத்தினவேல் கத்தினார்.

எறிந்தவன் நான். நான்தான் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அப்பா என் சட்டையைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிட்டு, "நான்தாங்கய்யா" என்று கையைத் தூக்கினார். தூக்கிய கையில் ஒரு செருப்பு இருந்தது. தொங்கிய கையில் இன்னொரு செருப்பு இருந்தது. ரெண்டும் அவருடையது. அப்படியென்றால் மூன்றாவது செருப்பை எந்தக் காலிலிருந்து கழற்றி எறிந்தார் என்று கேட்க அங்கே நின்ற பதினாலு போலீஸில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கை தூக்கியவனைப் பிடித்தால் வேலை முடிந்தது. அப்பாவை ஜீப்பில் ஏற்றும்போது அவர் கையிலிருந்த ரெண்டு செருப்பையும் பிடுங்கி ரோட்டில் போட்டார்கள். அம்மா அதைப் பொறுக்கிக்கொண்டு ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடினாள், தெரு முடிகிற இடம் வரைக்கும் வெறுங்காலோடு.

எழுபது பேர் கையிலும் ஏன் செருப்பு இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. எங்கள் மஞ்சநத்திக்குளத்தில் பஸ் நிறுத்தம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாமே மேலத்தெருவுக்கு அந்தப் பக்கம். எங்கள் காலனி இந்தப் பக்கம். நடுவில் இருநூற்றுப் பத்து அடி நீளத்துக்கு மேலத்தெரு. தெரு ஆரம்பிக்கிற இடத்தில் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும், தெரு முடிகிற இடத்தில் திரும்பக் குனிந்து போட்டுக்கொள்ள வேண்டும். வெயிலாக இருந்தாலும் அப்படித்தான், மழையாக இருந்தாலும் அப்படித்தான், பிரசவ வலியோடு போகிறவளுக்கும் அப்படித்தான், அவள் செருப்பை அவள் புருஷன் தூக்கிக்கொண்டு வருவான். போர்டு எதுவும் கிடையாது. போர்டு வைத்தால் கேஸ் போட்டுவிடலாமே, அதனால் வைக்க மாட்டார்கள். பத்தாவது படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச ஷூவைப் போட்டுக்கொண்டு ஒரு நாள் நான் நேராக நடந்தேன். தலைவர் வீட்டு ஆட்கள் அதைக் கழற்றச் சொல்லித் தலையில் வைத்து நடக்கவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னால், "ஏன்டா நிலவரசு, ஷூ லேஸ் கட்டத் தெரிஞ்சவனுக்கு அவிழ்க்கத் தெரியாதா?" என்று கேட்டார் ஹெட்மாஸ்டர். பரீட்சை எழுதினேன், பாஸானேன், அதற்குப் பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை. பதினேழு வயதில் செங்கல் சூளையில் இருக்கிறேன். அதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

மணிமுடி அன்றைக்கு வந்தது நல்லிணக்க விழாவுக்கு. எங்கள் ஊருக்கு நல்லிணக்கத்துக்காக ஏதோ விருது கொடுக்கப் போகிறார்களாம், அதை அறிவிக்க வந்தார். கூட்டம் சேர்க்கக் காலனியிலிருந்து எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் வழக்கப்படி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். திறந்த ஜீப்பில் நின்றபடி அவர் பேசினார்.

"மஞ்சநத்திக்குளத்தைப் பாத்து நாடே கத்துக்கணும்! இந்தத் தெருவுல யாரும் யாரையும் செருப்பைக் கழட்டுன்னு சொன்னது கிடையாது! சொன்னாங்கன்னு ஒருத்தர், ஒரே ஒருத்தர் கையைத் தூக்குங்க பாப்போம்!"

நான் கையைத் தூக்கினேன். தூக்கிய கையில் செருப்பு இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். கூலிங்கிளாஸ்கூடப் போடவில்லை, வெறும் கண்ணால்தான் பார்த்தார். பார்த்துவிட்டு, "பாத்தீங்களா, ஒரு கைகூட இல்ல!" என்றார். மேலத்தெரு கை தட்டியது. தட்டி முடிப்பதற்குள் என் கையில் செருப்பு இல்லை. யோசித்து எறிந்தேன் என்று சொன்னால் பொய். தூக்கிய கை தூக்கினபடி இருந்தது, அதில் எறிவதற்கென்றே யாரோ வைத்துவிட்டுப் போனதுபோல ஒரு செருப்பும் இருந்தது. வைத்தது அவர்கள்தானே.

இனிமேல் செருப்பு.

மணிமுடி குனிந்து அதற்குக் கீழாக நழுவினார், ஜீப் ரிவர்ஸில் போனது, செருப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, தரையிலிருந்து ஒன்பது அடி உயரத்தில், குதிகால் தேய்ந்து, வார் பிய்ந்த இடத்தில் அம்மா குத்திக் கொடுத்த ஊக்கோடு. முதலில் தலைவர் வீட்டுத் தொரட்டியைப் போட்டு இழுத்தார்கள், தொரட்டி முறிந்தது. பிறகு கரண்ட் ஆபீஸ் லைன்மேனைக் கூப்பிட்டார்கள், அவர் ஏணியில் ஏறி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, "எங்க கம்பியில மாட்டல, எங்க போஸ்ட்டுலயும் மாட்டல, இது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல" என்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டார். தீயணைப்பு வண்டி வந்து முக்கால் மணி நேரம் தண்ணீர் பீய்ச்சியது, வாங்கின நாளிலிருந்து அந்தச் செருப்பு அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. ஜே.சி.பி. வந்தது, வாளியால் ஒரு இடி இடித்தது, செருப்பு அசையவில்லை, ஜே.சி.பி.யின் ஆயில் குழாய் வெடித்துத் தெரு முழுக்க வழுக்கல். கடைசியில் கோயில் பூசாரியைக் கேட்டார்கள். அவருக்கும் ஒன்றும் தெரியாது, ஆனால் தெரியாது என்று சொல்லிப் பழக்கம் இல்லாததால், "எறிஞ்ச கைதான் எடுக்கணும்" என்று சொல்லி வைத்தார்.

ஒரு வாரம் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அடுத்த வாரம் பாதிப் பேர் பார்த்தார்கள். மூன்றாவது வாரம் அது தெருவில் இருக்கிற விளக்குக் கம்பம்போல ஆகிவிட்டது. அதன் மேல் மைனா உட்கார்ந்தது. வைக்கோல் லாரிகள் அதில் உரசிக்கொண்டு போனதில் நாலு வைக்கோல் மீசைபோலத் தொங்கியது. வெளியூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்து கீழே நின்று போட்டோ எடுத்தார்கள், எதிர்க்கட்சிக்காரர்கள் வந்து அது தங்கள் கட்சிச் செருப்பு என்றார்கள், முக்கில் டீக்கடை வைத்திருக்கிற ஆள் ஒரு நாளைக்கு எழுபது டீ போட்ட இடத்தில் நானூறு டீ போட்டார், ஆனால் எங்களுக்கு மட்டும் பழையபடி பேப்பர் கப்தான்.

மேலத்தெருவுக்கு அதைவிடப் பெரிய பிரச்சினை அதன் நிழல். காலையில் நிழல் தலைவர் வீட்டு வாசல்படியில் விழும், பதினோரு மணிக்கு அவர்கள் சமுதாயக் கூடத்துச் சுவரில் ஏறும், உச்சியில் நடுரோட்டில் ஒரு கை அகலத்துக்குச் சுருங்கும், பிறகு எதிர்ச்சாரியில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கி, பொழுது சாயும்போது கோயில் மதிலில் ஆள் உயரத்துக்கு நீண்டு நிற்கும். இருநூறு வருஷமாகத் தரையில் படக்கூடாது என்று அவர்கள் தடுத்துவைத்த செருப்பு இப்போது தினமும் ஒரு வீடு விடாமல் போய் வந்தது. பெண்கள் மஞ்சள் தண்ணியைக் குடத்தில் வைத்துக்கொண்டு நிழலுக்குப் பின்னாலேயே கழுவிக்கொண்டு போனார்கள். நிழல் நகர நகர அவர்களும் நகர்ந்தார்கள். அந்த மாசம் மேலத்தெருவில் மஞ்சள் கிடைக்கவில்லை.

ஆடி மாசத்தில் சாமிச் சப்பரம் பன்னிரண்டு அடி உயரம். செருப்புக்குக் கீழே நுழையாது. சப்பரத்தைச் சிறிசாகச் செய்யலாம் என்றால் சாமி செருப்புக்குக் கீழே போன மாதிரி ஆகிவிடும். வேறு வழியே இல்லை, காலனி வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். எனக்குத் தெரிந்து, என் அப்பாவுக்குத் தெரிந்து, எங்கள் தெருவுக்குச் சாமி வந்தது அதுதான் முதல் தடவை. வந்தது என்று சொல்லக்கூடாது, ஓடியது. தூக்கியவர்கள் அப்படி ஓடினார்கள். அம்மா தேங்காயை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் சாமி முதுகைக் காட்டிவிட்டது.

"என்னத்துக்கு இந்த ஓட்டம்? நாங்க என்ன சாமி கையில இருக்குற வேலையா புடுங்கப் போறோம்?" என்று அம்மா கத்தினாள். சப்பரத்துக்குப் பின்னால் ஓடிய ஒருத்தன் சிரித்துவிட்டான், தலைவர் திரும்பி முறைத்தார்.

செருப்பு திரும்புகிறது என்று முதலில் கண்டுபிடித்ததும் அம்மாதான். என் அம்மா பேர் பூங்கனி, ரேஷன் கடைக்கு வாரம் மூன்று தரம் நடப்பாள், மூன்று தரமும் சீனி இல்லை என்பார்கள், அதனால் அந்தத் தெருவை அவளைவிட அதிகமாகப் பார்த்தவர்கள் இல்லை. "டேய், நேத்து முனை வடக்க இருந்துச்சு, இன்னைக்கு மேக்க இருக்கு" என்றாள். நாலு நாள் பார்த்தோம். பேப்பரையும் பார்த்தோம். மணிமுடி சட்டசபையில் பேசிய நாளில் முனை வடக்கே காட்டியது. அவர் ஒரு கல்யாணத்துக்கு மதுரை போன நாளில் மதுரைப் பக்கம் காட்டியது. கார் போகப் போக, கடிகார முள்போல, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் அது திரும்பியது. எறிந்த செருப்புக்கு யாருக்காக எறிந்தார்கள் என்பது மறக்கவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஊர் அதை ஒரு அரசாங்க ஆபீஸ்போல உபயோகிக்க ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஒரு மனு கொடுக்கப் போனால் எம்.எல்.ஏ.வின் பி.ஏ., "ஐயா சென்னையில இருக்காரு" என்பார், வருஷத்துக்கு முந்நூறு நாள் ஐயா சென்னையில் இருப்பார். இப்போது மேலத்தெருக்காரர்களே அண்ணாந்து பார்த்துவிட்டு, "பொய் சொல்லாதீங்க சார், கெழக்க காட்டுது, அவரு வீட்டுலதான் இருக்காரு" என்று போனில் சொன்னார்கள். சுற்றுப்பட்டு எட்டு ஊரிலிருந்தும் மனுவோடு வந்து முதலில் செருப்பைப் பார்த்துவிட்டு அப்புறம் பஸ் ஏறினார்கள். தண்ணி வராதவர்கள், பட்டா கிடைக்காதவர்கள், விதவைப் பணம் நின்றுபோனவர்கள், எல்லோரும் அவர் போகிற இடத்துக்கு அவருக்கு முன்னால் போய் நின்றார்கள். மணிமுடியின் சம்சாரம் தலைவர் சம்சாரத்துக்கு தினமும் போன் போட்டு, "அக்கா, இப்ப எந்தப் பக்கம் காட்டுது?" என்று கேட்க ஆரம்பித்தது. அவர் சென்னையில் கட்சிக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க செருப்பு மேற்கே மலைப்பக்கம் காட்டியது. மேற்கே அவருக்கு ஒரு கல்குவாரி உண்டு, குவாரிக்குப் பக்கத்தில் ஒரு பங்களா உண்டு, பங்களாவில் யார் உண்டு என்பதை நான் சொல்லப் போவதில்லை, மணிமுடியின் சம்சாரமே ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டது.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டருக்கு உத்தரவு வந்தது. செருப்பு இறங்கியாக வேண்டும்.

அப்பா அதுவரைக்கும் ஐம்பத்து மூன்று நாளாகக் கிளைச் சிறையில் இருந்தார். ரெண்டு தடவை ஜாமீன் கேட்டு ரெண்டு தடவையும் இல்லை என்றுவிட்டார்கள். அவர் ஊராட்சியில் தண்ணித் தொட்டி ஆபரேட்டர். பதினெட்டு வருஷம் மேலத்தெருவுக்கும் அவர் கையால்தான் தண்ணி போனது, அதில் தீட்டு இல்லை. அந்த வேலையை இப்போது வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவரைக் கைவிலங்கோடு கொண்டுவந்து ஏணியில் ஏற்றினார்கள், அவர் செருப்பைப் பிடித்து இழுத்தார், தொங்கினார், கால் ஏணியிலிருந்து நழுவி முழு உடம்பும் செருப்பில் ஒரு நிமிஷம் தொங்கியது. அது அசையவில்லை. இன்ஸ்பெக்டர் கீழேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சடையாண்டி, நீ எறியல."

"நான்தான் சார் எறிஞ்சேன்."

"நீ எறிஞ்சா உனக்கு வரணும்ல?"

"எனக்கு எதுதான் சார் வந்திருக்கு?" என்றார் அப்பா.

கூட்டத்தில் சிரிப்பு. அம்மா மட்டும் என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "உங்கப்பன் எறிஞ்சிருந்தா அது பக்கத்து ஊருல போயி விழுந்திருக்கும், கல்லை எறிஞ்சு ஒரு மாங்கா விழுத்தாட்டுனதில்ல. இந்தக் கூறு போலீசுக்கு இப்பத்தான் வந்திருக்கு." இன்ஸ்பெக்டர் திரும்பினார். கூட்டத்தில் என்னைத் தேடினார். நான் ஒளியவில்லை.

என்னை அடிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். தாலுகா ஆபீஸில் உட்காரவைத்து ஃபேன் போட்டார்கள். தாசில்தார் ஒரு பொம்பளை, நெற்றியில் வேர்வை, மேசையில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று மேலே எழுதிய ஒரு பேப்பர். அதை எனக்கு வாசித்துக் காட்டினார். எனது காலில் அணிந்திருந்த செருப்பைக் கழற்றி நான் தவறுதலாக வீசிவிட்டேன், எங்கள் ஊரில் செருப்பைக் கையில் எடுத்துச் செல்லும் வழக்கம் எக்காலத்திலும் இருந்ததில்லை, மஞ்சநத்திக்குளத்தில் அனைவரும் ஒற்றுமையாக வாழ்கிறோம்.

"கால்ல இல்ல மேடம். கையில இருந்துச்சு."

"தம்பி, கையில இருந்துச்சுன்னா ஏன் கையில இருந்துச்சுன்னு கேள்வி வரும்."

"வரட்டும்."

"வந்தா உங்கப்பா வரமாட்டாரு." அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை, பஸ் வராது என்று சொல்வதுபோலச் சொன்னார். "செருப்பை எடுத்துக் குடு. இதுல ஒரு கையெழுத்து. உன்மேல கேஸ் கிடையாது, உங்கப்பாவும் அன்னைக்கே வீட்டுக்கு வந்துருவாரு. எம்.எல்.ஏ. புகாரை வாபஸ் வாங்குறேன்னு எழுதியே குடுத்துட்டாரு."

காலனியில் எல்லோரும் கையெழுத்துப் போடு என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், தெருக்குழாயில் தண்ணி வந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. கிளைச் சிறைக்குப் போய் அப்பாவைப் பார்த்தேன். ஆள் பாதியாகியிருந்தார். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து, "சொன்னதைச் செஞ்சுருடா" என்றார்.

"அது பொய்ப்பா."

"தெரியும்டா. நானும் பொய் சொல்லித்தான் உள்ள வந்தேன். நீ ஒரு பொய் சொல்லி என்னைய வெளிய எடு."

சரி என்றேன். ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே சரி என்றேன். கையெழுத்துப் போட்டு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவது என்றுதான் புதன்கிழமை காலையில் மேலத்தெருவுக்குப் போனேன்.

தெரு ஆரம்பிக்கிற இடத்திலேயே என்னை வெறுங்காலோடு வரச் சொல்லியிருந்தார்கள், கையிலும் எதுவும் வேண்டாம், போட்டோவில் நல்லா இருக்காது என்று. பந்தல் போட்டிருந்தது. தாசில்தார் மேசை போட்டு பேப்பரோடு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் இன்ஸ்பெக்டர், பக்கத்தில் பட்டு வேட்டியில் தலைவர் ரத்தினவேல். அமைதி திரும்பியதைக் காட்டுவதற்கென்று மைக்கோடும் கேமராவோடும் ஏழெட்டு சேனல்காரர்களை அவர்களே வரவழைத்திருந்தார்கள். அப்பாவைப் போலீஸ் ஜீப்பின் பின் சீட்டில் உட்காரவைத்திருந்தார்கள். கூட்டத்துக்கு எம்.எல்.ஏ. வரவில்லையா என்று ஒரு சேனல்காரர் கேட்டார்.

"ஐயா சென்னையில இருக்காரு" என்றார் பி.ஏ.

எல்லோரும் ஒன்றாக அண்ணாந்து பார்த்தார்கள். செருப்பின் முனை தலைவர் வீட்டு மாடி ஜன்னலைக் காட்டியது. ஜன்னலில் திரை ஒன்று படக்கென்று மூடியது. டீக்கடைக்காரர், "சென்னை இப்ப ரொம்பப் பக்கத்துல வந்துருச்சு" என்றார்.

ஏணியில் ஏறினேன். கையை நீட்டினேன். இழுக்கவே வேண்டியிருக்கவில்லை. தொட்டதும் அது கைக்குள் வந்துவிட்டது, ரெண்டு மாச வெயிலில் கிடந்த சூட்டோடு, ஜே.சி.பி.யையும் அப்பாவையும் தாங்கிய கனம் துளிகூட இல்லாமல். கீழே எல்லோரும் கை தட்டினார்கள். மேலத்தெருவும் தட்டியது, எங்கள் ஆட்களும் தட்டினார்கள், அழுகையை அடக்கிக்கொண்டு அம்மாவும் தட்டினாள்.

ஏணி மூங்கில் ஏணி, கீழே ரெண்டு போலீஸ் பிடித்திருந்தும் ஆடியது. இறங்க ரெண்டு கையும் வேண்டும். செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு இறங்க முடியாது, கீழே போட்டால் மறுபடியும் எறிந்தான் என்று எழுதிக்கொள்வார்கள், வாயில் கவ்வ முடியாது. அதனால் வலது காலில் மாட்டிக்கொண்டேன். சத்தியமாக வேறு எதுவும் நினைக்கவில்லை. செருப்பு இருந்தது, கால் இருந்தது, மாட்டினேன். ஒவ்வொரு படியாக இறங்கினேன். கடைசிப் படியிலிருந்து வலது காலைத் தரையில் வைத்தேன்.

"டேய்!" என்று ஒரு சத்தம். "எந்தத் தெருவுலடா செருப்புக் காலை வைக்கிற? கழட்டிக் கையில எடுடா நாயே!"

தலைவர் ரத்தினவேல். எழுந்து நின்றிருந்தார், வேட்டி மேசையில் மாட்டி பேப்பர் கீழே விழுந்திருந்தது. அவருக்கே அவர் சத்தம் கேட்டிருக்க வேண்டும், அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டார். ஆனால் ஏழெட்டு மைக் அவர் முன்னாலேயே இருந்தது, அவர் வரவழைத்த மைக், அவர் காசில் சாப்பிட்ட ஆட்கள் பிடித்திருந்த மைக். தன் ஊரில் எக்காலத்திலும் இல்லாத வழக்கத்தை அவர் ஆயுள் முழுக்கச் சொல்லிப் பழகியிருந்தார், அது இருமலைப்போலத் தானாக வந்துவிட்டது.

தாசில்தார் குனிந்து பேப்பரை எடுத்துத் தூசி தட்டினார். என் பக்கத்தில் வந்து, மைக்குக்குக் கேட்காத குரலில், "தம்பி, பரவாயில்ல, அவரு ஏதோ வாய் தவறிட்டாரு, அதைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு வந்து கையெழுத்தைப் போட்டுரு, எல்லாம் முடிஞ்சுரும்" என்றார். தான் என்ன சொன்னோம் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. கையில எடுத்துக்கிட்டு வா என்று அவரும்தான் சொன்னார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இன்ஸ்பெக்டர், "கழட்டுடா, உங்கப்பனைப் பாரு" என்றார். பார்த்தேன். அப்பா ஜீப்புக்குள்ளிருந்து தலையை ஆட்டினார், கழட்டிரு என்று. அவர் அந்தப் புதன்கிழமை வீட்டுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு இன்னும் பத்தொன்பது நாள் உள்ளே இருந்தார், நான் செய்ததால்தான் இருந்தார், அதை மறைக்க மாட்டேன். எழுபது பேரில் பாதிப் பேர் அன்றைக்கு என்னைத் திட்டினார்கள். அம்மா திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இருநூற்றுப் பத்து அடித் தெரு. நான் நின்ற இடத்திலிருந்து பஸ் நிறுத்தம் பக்கம் நூற்று நாற்பது அடி. செருப்பின் முனை தலைவர் வீட்டு மாடியைப் பார்த்து இழுத்தது, அதைத் திருப்பி நேராக வைத்தேன்.

"கழட்டு" என்றார் தாசில்தார். "கழட்டுடா" என்றார் இன்ஸ்பெக்டர். "கழட்டிரு சாமி" என்றது எங்கள் ஆட்களில் ஒரு குரல்.

நான் கழற்றவில்லை. ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுமனேயும், சப், சப் என்று ஒற்றைச் சத்தத்தோடு, தெருவின் நடுவில் நடந்தேன்.